தூக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம்

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் காப்பகத்துக் குழந்தைகளும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் அனுப்பும் வழக்கத்தை இந்த வருடமாவது விடு. இருமல் போனதா? சுரங்கப்பாதைத் தூசிக்கு முகமூடி போடுகிறாயா, கழுத்தில் மாட்டி அழகு பார்க்கிறாயா?

மலைக்கு அந்தப் பக்கம் போனதிலிருந்து உன் போன் செத்துக் கிடக்கிறது. ஒரு விதத்தில் நல்லதுதான். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

பக்கத்துக் கட்டடத்துக்கு ஒரு மரப்பட்டறை வந்திருக்கிறது. பட்டறைக்காரர் தங்கமான மனுஷன். அவருடைய ரம்பம் அப்படி இல்லை. காலையில் பட்டறையில் ஒட்டுவதும் இழைப்பதும் நடக்க, ரம்பம் அடங்கிக் கிடக்கும். ஒட்டியது காய்ந்து அறுக்க மதியம் ஆகிவிடுமாம், நான் குழந்தைகளைப் படுக்கவைத்த பிறகுதான் அது கிரீச்சென்று ஆரம்பிக்கும். ஒன்று எழுந்து அழும், அதைப் பார்த்து இன்னொன்று. சுருட்டை என்று ஒருத்தி இருக்கிறாள், மூன்று வயது, தலை முழுக்கச் சுருள், இவர்களுக்கெல்லாம் தலைவி. மெத்தைமேல் ஏறி நின்று, "ரம்பம் அங்கிள், தூங்குங்க!" என்று ஜன்னலைப் பார்த்து உத்தரவு போடுகிறாள். ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்து மதியம் தூங்குகிற உன் மாமா பக்கத்து அறையிலிருந்து, "எனக்கும் சேர்த்துச் சொல்லும்மா" என்கிறார்.

சிரிக்கும்படியாக எழுதிவிட்டேன், ஆனால் சிரிப்பு வரவில்லை. தூங்காத குழந்தைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அங்கே ஆட்டிவைக்கிறார்கள். மூன்று அம்மாக்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்: மே மாதக் கடைசிவரை பார்ப்போம், பிறகு தெருமுனையில் இருக்கும் புதுக் காப்பகம். மூன்று பேர் போனால் மற்றவர்கள் எத்தனை நாள் நிற்பார்கள்? காப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

தூங்கும் அறையை மாற்றிக் கட்டித் தருவதாக ஒரு காண்ட்ராக்டர் சொல்கிறார். ஒப்பந்தத்தின் நகல் உள்ளே இருக்கிறது. ஒரே பக்கம்தான். பார்த்துச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

ம்.

(இருமல் போய்விட்டது. முகமூடி மூக்கில்தான் இருக்கிறது. போதுமா? மாமாவை விசாரித்ததாகச் சொல்.)

ஒப்பந்தத்தைப் படித்தேன். இதை எழுதியவரை எங்கள் சுரங்கத்தில் அரை நாள் வைத்திருக்க மாட்டார்கள். "குறிக்கோள்: குழந்தைகள் தூங்கும் அறையை நல்ல முறையில் அமைதியாக்கித் தருவது." நல்ல முறை என்றால் என்ன அக்கா? அமைதி என்றால் என்ன? நாளைக்கு அவர் ஜன்னலில் ஒரு பழைய மெத்தையைச் சாத்திவைத்து, "நல்ல முறையில் அமைதியாக்கிட்டேன், கையெழுத்துப் போடும்மா" என்றால் எந்த வரியைக் காட்டிச் சண்டை போடுவாய்?

கதவுக்கு எத்தனை கீல், சுவருக்கு எந்த நிறம் என்பதெல்லாம் பக்காவாக இருக்கிறது. எதற்காக இந்த வேலை, என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம் என்பதற்கு மட்டும் ஒரே வரி, அதுவும் வழவழ. இங்கேயும் இதே கதைதான். "காற்றோட்டம் போதுமானதாக இருக்க வேண்டும்" என்று எவனோ எழுதி வைத்த ஒரு வரிக்காக இரண்டு கம்பெனிகள் வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. போதுமானது என்று யார் சொல்வது? நடுவில் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறுவது நாங்கள்.

அந்த வரியை அடித்துவிட்டு இதைப் போடச் சொல்:

"குறிக்கோள்: பக்கத்துப் பட்டறையில் ரம்பம் ஓடும்போது, கதவும் ஜன்னலும் மூடிய நிலையில், அறையின் நடுவில், படுத்திருக்கும் குழந்தையின் காது உயரத்தில் வைத்து அளந்தால், ஒலி முப்பது டெசிபலைத் தாண்டக் கூடாது."

ஒரு சொல்லைக்கூட மாற்ற விடாதே. அளக்க முடிந்தால்தான் அது குறிக்கோள். இல்லாவிட்டால் வெறும் ஆசை.

தபால் லாரி கிளம்புகிறது.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

இரண்டு பேரும் சுகம். உன் மாமாவுக்குத் தூக்கமில்லாமல் கண்ணுக்குக் கீழே பை தொங்குகிறது, மற்றபடி சுகம்.

உன் வரியைக் காண்ட்ராக்டரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"யாரும்மா உன் தம்பி, வக்கீலா?"

"இல்லைங்க, இன்ஜினியர்."

"அதானே பார்த்தேன். வக்கீலா இருந்தா மனுஷன் தப்பிச்சுப் போக ஒரு சந்து விட்டிருப்பாரு."

அவருக்கு ஒரு மகள். அளவெடுப்பது, மதிப்புப் போடுவது எல்லாம் அந்தப் பெண்தான். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு இரும்பு டேப், இழுக்கிறாள், சுருக்கென்று உள்ளே விடுகிறாள், இழுக்கிறாள். யோசிக்கும்போது இன்னும் அதிகம். குழந்தைகள் அவளுக்கு டேப் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "நல்ல முறையில்" என்ற வரி அப்பாவுடையதாம். அதை மாற்றச் சொல்லி அவளும் பல வருடமாகத் தலையில் அடித்துக்கொள்கிறாளாம். உன் கடிதத்தில் பழைய மெத்தையைச் சாத்துகிற இடத்தை வாசித்துக் காட்டினேன் (கோபித்துக்கொள்ளாதே). அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

பிறகு உன் வரியைக் கையில் வாங்கி, பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள். அப்படியே எழுதுகிறேன்:

"1. எல்லாம் மூடிய அறையில் பன்னிரண்டு குழந்தைகள். அவர்கள் மூச்சுவிட வேண்டும் என்பது சாரின் குறிக்கோளில் இல்லை. நான் சேர்த்துக்கொள்ளலாமா?

2. கூரையில் ஒரு பழைய மின்விசிறி இருக்கிறது. அதன் சத்தமும் முப்பதுக்குள் அடங்க வேண்டுமா?

3. ரம்பம் கேட்காமலிருப்பது குறிக்கோளா, குழந்தைகள் தூங்குவது குறிக்கோளா? தூங்குவதுதான் என்றால் அதையே எழுதலாமே."

காற்றோட்டத்துக்காக அங்கே மூச்சுத் திணறுவதாக எழுதியிருந்தாயே. முதல் குறிப்பைக் கேட்டு உன் மாமா சிரித்த சிரிப்பில் பட்டறைக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பதில் எழுது. தலைக்கு எண்ணெய் வை.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எண்ணெயும் வைத்தேன்.

வீட்டுக் கடிதத்தை ஊருக்கே வாசித்துக் காட்டுவாய் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் பார்த்து எழுதியிருப்பேன்.

பென்சில்காரருக்குப் பதில். முதல் குறிப்பு சரி. நான் விட்டது தப்பு. வெளியிலிருந்து காற்று வர வளைந்த குழாய் ஒன்று வைக்கட்டும், உள்ளே பஞ்சு பொதிந்தால் காற்று வரும், சத்தம் வராது. படம் போட்டிருக்கிறேன். படத்தில் அளவுகள் தெளிவாக இல்லையென்றால் கேட்கச் சொல். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இரண்டாவது: அறைக்குள் காதில் விழுவது எல்லாமே கணக்கில் சேரும். அந்த விசிறியை எனக்குத் தெரியாதா? சுற்றுக்கு ஒரு கடக். போன லீவில் அதன் கீழேதான் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்றே தெரியாமல் தூங்கிவிடுவேன் என்பது வேறு விஷயம், சத்தம் சத்தம்தான். கழற்றி எறியச் சொல். சத்தமில்லாத புதுசு மாட்டட்டும்.

மூன்றாவது: தூக்கத்தை எந்தக் கருவியால் அளப்பாராம்? ஒரு குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று தூங்காவிட்டால் அதற்கும் காண்ட்ராக்டரா பொறுப்பு? தாலாட்டு அவர் பாடுவாரா, மகளா? ஒத்துக்கொள்ள முடியாது.

உன் தம்பி

பி.கு: குறிப்பு எழுதியவர் என்ன படித்திருக்கிறார்? தொழில் சம்பந்தமாகத்தான் கேட்கிறேன்.


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், எல்லார்மேலும் சிமென்ட் தூசி.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. முப்பது டெசிபல் நின்றது, மூச்சுவிடுவது சேர்ந்தது, தூக்கம் தோற்றது. "எந்தக் கருவியால் அளப்பாராம்" என்று நீ கேட்டதைச் சொன்னேன். டேப்பை இழுத்தாள், விட்டாள்.

"கொட்டாவியாலன்னு எழுதிப் போடுங்க" என்றாள்.

சுவருக்கு உள்பக்கம் இன்னொரு சுவர் எழும்புகிறது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. குழந்தைகளை முன்னறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே ரம்பத்தோடு தெருவும் சேர்ந்துகொள்வதால் தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்மாக்களிடம், "மார்ச் மட்டும் பொறுத்துக்குங்க" என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

விசிறியைக் கழற்றிய அன்று குழந்தைகள் வரிசையாக நின்று அதற்கு டாட்டா காட்டினார்கள். சுருட்டைக்கு அழுகை வந்துவிட்டது. டேப் அதை எறியவில்லை. சாக்கில் சுற்றித் தன் கொட்டகைக்கு எடுத்துப் போனாள். "என் தம்பி எறியச் சொன்னானேம்மா" என்றேன். "எறியணும்னு ஒப்பந்தத்துல இல்லையேக்கா" என்கிறாள். நீ தேடிய ஆள்தான் போ.

கட்டடக் கலையில் டிப்ளமா படித்திருக்கிறாள். நீ கேட்டது அவ்வளவுதான், அதனால் நானும் அவ்வளவுதான் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மாமாவை முன்னறையில் படுக்க வேண்டாம் என்று சொல்.

சில விவரங்கள் தேவை. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள்? என் படத்தைப் பார்த்துப் பென்சில்காரர் ஏதாவது சொன்னாரா? குழாயின் வளைவு சரியாக வந்ததா? அதை யார் பார்த்தது, அவரா, அப்பாவா? அவர் தினமும் வருகிறாரா?

ஒரு மனுஷியை டேப் என்று கூப்பிடுவது நன்றாக இல்லை. அவருக்குத் தெரியுமா? தெரிந்து என்ன சொன்னார்?

பென்சில் குறிப்பு எழுதிய அந்தத் தாளை எனக்கு அனுப்பு. நகல் வேண்டாம், அதையே அனுப்பு. கோப்பில் வைக்க வேண்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகமாக இல்லை.

தாள் உள்ளே இருக்கிறது. எந்தக் கோப்பில் வைப்பாய் என்று நான் கேட்கவில்லை.

வேலை முடிந்தது. பட்டறைக்காரரே தடிமனான ஒரு பலகையை எடுத்து, "நல்லா அளந்துக்குங்கம்மா" என்று நிறுத்தாமல் அறுத்துக்கொண்டிருந்தார். அறை நடுவில், குழந்தையின் காது உயரத்தில், டேப் முட்டிபோட்டு மீட்டரைப் பிடித்தாள். இருபத்தொன்பது. கதவைத் திறந்தால் ரம்பம், மூடினால் ஒன்றுமே இல்லை. உன் மாமா கதவைத் திறந்து திறந்து மூடி விளையாடினார். கைதட்டி, எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்து, குழந்தைகளைப் படுக்கவைத்தேன்.

ஒருவரும் தூங்கவில்லை.

ரம்பம் இல்லை தம்பி, ஆனால் மற்ற எல்லாம் இருக்கிறது. ஒரு குழந்தை புரண்டால் மெத்தை சரசரப்பது மற்ற பதினொன்றுக்கும் கேட்கிறது. ஒருவன் மூக்கை உறிஞ்சினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். என் வயிறு கடமுடா என்றது, மொத்த அறையும் எழுந்து உட்கார்ந்து சிரித்தது. சுருட்டை என் காதில் வந்து, "டீச்சர், சத்தம் எங்க போச்சு?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் உதடு பிதுங்கியது. உன் மாமாவும் உள்ளே படுத்துப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தாராம்.

ஒரு வாரமாக இப்படி. காண்ட்ராக்டர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நீ எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டார். டேப் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் மதியம் வந்து, குழந்தைகளோடு குழந்தையாகச் சுவரோரம் உட்கார்ந்து கூரையைப் பார்க்கிறாள்.

மே மாதம் வந்துகொண்டே இருக்கிறது. எனக்குக் கை ஓடவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

விசிறி. விசிறிதான் அக்கா. உடனே அதைத் திரும்ப மாட்டு.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன், பிடிபடவில்லை. குழாய், கதவு, சுவர் என்று எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. நேற்று மதியம் இங்கே ராத்திரி ஷிப்டு ஆட்கள் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் பெரிய ஊது இயந்திரம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. காது கிழியும். அதைப் பழுதுபார்க்க நிறுத்தினார்கள். நிறுத்திய நிமிடம் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். "என்னடா ஆச்சு?" என்கிறான் ஒருவன். ஒன்றும் ஆகவில்லை. சத்தம் போய்விட்டது, அவ்வளவுதான். மறுபடியும் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் படுக்கவில்லை. காகிதம் தேடிக்கொண்டிருந்தேன்.

குழந்தைகளை எழுப்பியது சத்தம் இல்லை, திடீர் சத்தம். விசிறியின் கடக் கடக் ஒரே சீராக ஓடி, மற்றச் சின்னச் சத்தங்களை மூடி வைத்திருந்தது. ரம்பத்தைத்தான் அதால் மூட முடியவில்லை. நீ ரம்பத்தை மட்டும்தான் துரத்தச் சொன்னாய், நான் இரண்டையும் சேர்த்துத் துரத்திவிட்டேன். அளவு சரியாக வந்தது, குறிக்கோள் வெளியே நிற்கிறது. மூன்றாவது குறிப்பு சரி. அதை அவரிடம் சொல்லிவிடு.

இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். காட்டு.

உன் தம்பி


ஏப்ரல் 25

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதமும் விசிறியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. நான் உறையைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே டேப் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உங்க தம்பி என்ன எழுதியிருக்காரு?"

"விசிறியை மாட்டச் சொல்றாம்மா."

அவள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, ஏற்கெனவே அளந்த சுவரை இன்னொரு தடவை அளந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

விசிறியை மாட்டிச் சுவிட்சைப் போட்டோம். கடக். கடக். குழந்தைகள் அண்ணாந்து பார்த்து, வெளியூர் போன சொந்தக்காரர் திரும்பி வந்த மாதிரிக் கூச்சல் போட்டார்கள். படுக்கவைத்தேன். சுருட்டை விசிறியைப் பார்த்தபடியே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். அது அடுத்த மெத்தைக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. வெளியே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது, பட்டறைக்காரர் கை அசைவது ஜன்னலில் தெரிந்தது. உள்ளே பன்னிரண்டும் தூங்கிவிட்டன. கடைசி மெத்தையில் உன் மாமா. நான் சத்தம் வராமல் அழுதேன் தம்பி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், டேப் மீட்டரை எடுத்தாள். நாற்பத்து மூன்று. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, உனக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள்:

"சார் அவர்களுக்கு, நலம் விசாரிக்கிறேன். பழைய விசிறி ஓடினால் அறையின் ஒலி முப்பதைத் தாண்டுகிறது. இது ஒப்பந்த மீறல். ஆகவே விசிறியைச் சோதனைக்கு என்று மட்டும் எழுதி மாட்டியிருக்கிறோம். நிலையாக இருக்க வேண்டுமானால் குறிக்கோளைத் திருத்தி எழுத வேண்டும். எழுதியவரே வந்து திருத்தினால்தான் முறை."

"ஏம்மா, தபாலில் எழுதி அனுப்பினால் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகாது" என்றாள். டேப் சுருக்கென்று உள்ளே போனது.

லீவு கேள்.

அக்கா


மே 27

அன்புத் தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே நாங்கள் சுகம். உன்மேல் எனக்குக் கோபம்.

முதலில் நல்ல சேதி. அந்த மூன்று அம்மாக்களும் நேற்று மதியம் சொல்லாமல் வந்து கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஒரு அம்மா நின்றபடியே கொட்டாவி விட்டாள். ஒருவரும் போகவில்லை. அவர்களில் ஒருத்தி தன் தங்கை குழந்தைக்கு இடம் கேட்கிறாள். காப்பகம் பிழைத்துவிட்டது. ஒப்பந்தத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார் உன் மாமா. உன் கையாலேயே எழுதினாயே, "குறிக்கோள்: ரம்பம் ஓடினாலும், மதியம் படுக்கவைத்த குழந்தைகள் தூங்க வேண்டும். அளவு: கொட்டாவி." அதன் கீழே இரண்டு கையெழுத்து.

இப்போது கோபம். மூன்று நாள் லீவில் வந்தாய். அந்தப் பெண் ஏணிமேல் நிற்க, நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இரண்டு பேரும் பேசியது முழுக்க விசிறியின் பேரிங் பற்றி. பாவம் உன் மாமா, "ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அந்தக் கடக் போயிடுமே" என்றார். "வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினீர்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் அரை மணி நேரம். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன், தனியாகப் பேசட்டும் என்று. திரும்பி வந்தால் மறுபடியும் பேரிங்.

பஸ் நிலையத்துக்கு வந்தாளே, ஏன் என்று யோசித்தாயா? "என்ன அளக்க வந்தீங்க?" என்று கேட்கிறாய். "பெஞ்சு" என்கிறாள். நீயும் "ஓ" என்று பஸ் ஏறிவிட்டாய். அந்தப் பெஞ்சை அளக்கச் சொல்லி அவளிடம் யாரும் ஒப்பந்தம் போடவில்லை.

அடுத்தவர் குறிக்கோளில் ஒரு சொல் பிசகினால் பக்கம் பக்கமாக எழுதுகிறாயே. உனக்கு என்ன வேண்டும்? ஒரு வரியில் எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுது. முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மலைக்குத் தபால் லாரி எந்தக் கிழமை வரும் என்று அவள் என்னிடம் கேட்டு வைத்திருக்கிறாள்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள உங்களுக்கு,

எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தைகள் வைத்த பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீங்களும் அப்பாவும் சுகமா? நான் சுகம். தூக்கம் மட்டும் சரியில்லை, ஊது இயந்திரம் ஓடினாலும் இல்லை.

ஒப்பந்தம் மாதிரி எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். தரப்பினர் இரண்டு பேர், நானும் நீங்களும். இதுவரை சுலபம்.

குறிக்கோளில்தான் சிக்கல். முதலில், "மாதம் இத்தனை கடிதம்" என்று எழுதினேன். அளக்க முடிகிறது, ஆனால் கடிதமா எனக்கு வேண்டும்? அடித்துவிட்டேன். "வேலை முடிந்து சாயங்காலம் ஒன்றாகச் சாப்பிடுவது" என்று எழுதினேன். அதற்காக மட்டும் என்றால் ஹோட்டல் போதும். அதையும் அடித்தேன். முப்பது டெசிபலில் செய்த தப்பையே மறுபடியும் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. கடைசியில் நின்ற வரி இதுதான்:

"குறிக்கோள்: உங்களோடு வாழ வேண்டும், சந்தோஷமாக."

அளக்க முடியவில்லை. ஆகவே இது ஆசை. இருக்கட்டும்.

என் தரப்புக் குறைகளையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று வரக் கூடாது. பொறுமை கிடையாது. குறுக்கே பேசுவேன். வாய்க்கு வந்ததை அப்படியே சொல்வேன், சொல்ல வேண்டியதைத் தவிர. பெஞ்சு விஷயம் பஸ் இரண்டு ஊர் தாண்டிய பிறகுதான் புரிந்தது. இறங்கித் திரும்பி வரலாமா என்று எழுந்தேன், கண்டக்டர் உட்காரச் சொல்லிவிட்டார்.

சுரங்கப்பாதை அடுத்த வருடம் உங்கள் பக்கம் திறந்துவிடும். அதற்குப் பிறகு ரம்பம், விசிறி, குழந்தைகள், எந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலும் இருக்கத் தயார்.

திருத்தங்கள் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
முப்பது டெசிபல்


ஜூன் 20

சார் என்று எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை அதை விட்டுவிடுகிறது.

அப்பாவும் நானும் சுகம். உங்கள் தூக்கத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் ஓர் எழுத்துக்கு மேல் எழுதவும். "ம்" பற்றி அக்கா எல்லாம் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "இந்தத் தடவை தப்பிச்சுப் போக ஒரு சந்துகூட விடலையேம்மா" என்றார். "நான் போகலப்பா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் மாமாவையும் பார்க்கப் போகிறார், பேரிங் பற்றிப் பேச அல்ல.

உங்கள் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் என் குறிப்புகள் இருக்கும். பென்சில் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் ஒரு தடவை எழுதுகிறேன்.

"சந்தோஷமாக": எந்தக் கருவியால் அளப்பீர்கள்? (யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை. ஆயுசு இருக்கிறது.)

பெயர்: அனுமதி உண்டு.

குறைகள்: என்னுடையவற்றைச் சேர்க்க நீங்கள் விட்ட இடம் போதாது. தனித்தாள் இணைத்திருக்கிறேன். யோசிக்கும்போது டேப்பை இழுத்து இழுத்து விடுவேன். அப்பா தினமும் அந்தச் சத்தத்துக்குச் சண்டைக்கு வருகிறார். சீரான சத்தம்தான், பழகிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. இதை மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறேன். எந்த ஒப்பந்தத்திலும் முடியும் தேதி என்று ஒன்று இருக்கும். உங்களுடையதில் எங்கே தேடியும் இல்லை.

அதைத் திருத்த வேண்டாம்.

டேப்